தன் முறையைக் கொடுக்கிற பிள்ளை



எமது மாத்தளைப் பக்கத்துப் பாடசாலைகளில் எல்லே அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: யார் பந்தைத் தூரத்துக்கு அடிக்கிறான்? உடம்பு சிறிய பிள்ளை மைதான ஓரத்திலேயே நின்றுவிடுகிறான். அந்தப் பிள்ளைகளுக்காகவே ஆசிரியர்களாகிய நாம் இன்று ஒரு பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறோம்.

2018 ஓகஸ்ட் 18. ஜப்பானின் கோஷியன் மைதானம். பாடசாலைகளுக்கிடையிலான 100ஆவது தேசிய சுற்றுப்போட்டியின் காலிறுதி. அகிதா மாகாணத்தின் கனாஆஷி விவசாயப் பாடசாலை, ஓமி பாடசாலையை விட 1-2 எனப் பின்தங்கியிருந்தது. கடைசி இன்னிங்ஸ், 9ஆவது. மூன்று தளங்களிலும் ஓட்டக்காரர்கள். இன்னும் ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை. மட்டையுடன் வந்தவர் துடுப்பாட்ட வரிசையில் ஒன்பதாவது, அதாவது கடைசி ஆள்.

அவர் ஓங்கி அடிக்கவில்லை. மட்டையைக் குறுக்கே பிடித்து, பந்தை மூன்றாம் தளப் பக்கம் மெல்ல உருட்டிவிட்டார். இதற்குப் பெயர் ‘பன்ட்’. மூன்றாம் தளத்தில் நிற்பவரை ஓட்டம் எடுக்க வைப்பதற்காக இப்படித் தட்டினால் ‘ஸ்குவீஸ்’. மூன்றாம் தளத்தில் நின்றவர் ஓடி வந்து சேர்ந்தார்; 2-2. பந்தை எடுத்தவர் அதை முதலாம் தளத்துக்கு எறிந்தார். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் இரண்டாம் தளத்தில் இருந்தவர் மூன்றாம் தளத்தில் நிற்கவேயில்லை. பந்து முதலாம் தளத்துக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் அந்தச் சில விநாடிகளை நம்பி ஓடினார், தலைமுன்னாகப் பாய்ந்தார். 3-2. ஆட்டம் முடிந்தது!

இறுதிப் போட்டியில் அவர்கள் ஒசாகா தோயின் பாடசாலையிடம் தோற்றார்கள். ஆனாலும் அகிதாவிலிருந்து ஒரு பாடசாலை இறுதிக்கு வந்தது 1915க்குப் பிறகு அதுவே முதல் தடவை.

எம்மை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு விடயம். ஓட்டக்காரரை முன்னேற்றத் தன் முறையைக் கொடுத்து ஆட்டமிழப்பவருக்கு பேஸ்போல் கணக்கேட்டில் ‘தியாக அடி’ என்று தனியாகப் பதிகிறார்கள். அவருடைய துடுப்பாட்டச் சராசரி அதனால் குறைவதில்லை. அணிக்காக இழந்தது தோல்வியாக எழுதப்படுவதில்லை.

எமது வகுப்புகளிலும் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தன் குறிப்புக் கொப்பியை நண்பனுக்குக் கொடுத்துவிட்டுத் தான் படிக்க முடியாமல் போகிறவன். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிற பிள்ளை. முன்னேற்ற அறிக்கையில் அதற்கு ஒரு நிரல் கிடையாது.

அச்சிட்ட அறிக்கையை எம்மால் மாற்ற முடியாது. ஆனால் அதன் கீழே ஆசிரியர் குறிப்புக்கு இரண்டு வரி இடம் இருக்கிறது. இந்தத் தவணை அதில் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.