பால் பத்தலைனு சொன்னது யாரு?

பிரசவ வார்டு ரவுண்ட்ஸ்ல நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது.

"பால் பத்தல டாக்டர். புள்ள அழுதுகிட்டே இருக்கு. டின் பவுடர் எழுதிக் குடுங்க."

சொல்வது பெரும்பாலும் தாய் அல்ல. பக்கத்தில் நிற்கும் மாமியாரோ, அம்மாவோ தான். அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருக்கும்.

ஆறு வருடங்களுக்கு முன் அப்படி உட்கார்ந்திருந்தவள் நான்.

சிசேரியன் ஆகி மூன்றாம் நாள். காம்பு வெடித்து ரத்தம். குழந்தை வாய் வைக்க வந்தாலே உடம்பு நடுங்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கணவரை எழுப்பி, "டின் வாங்கிட்டு வாங்க"ன்னு அழுதேன். "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் தான்மா"ன்னு ஊருக்கெல்லாம் சொன்ன அதே வாய்!

நைட் டியூட்டி நர்ஸ் அக்கா வந்தாங்க. திட்டல. முதுகுக்குத் தலையணை வெச்சாங்க. தையலில் படாதபடி குழந்தையை என் கைக்குக் கீழே பக்கவாட்டில் படுக்க வெச்சாங்க. அது வாயை நல்லா "ஆ"ன்னு திறக்கும்வரை பொறுத்திருந்து, மார்போடு சேர்த்து அணைச்சாங்க. வலி குறைந்தது. குழந்தை முழுங்கும் சத்தம் கேட்டது.

எனக்குப் பால் இருந்தது. குழந்தை பிடித்த விதம் தான் சரியில்லை.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

📌 முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். சில ஸ்பூன் தான் இருக்கும். பச்சிளம் வயிற்றுக்கு அது போதும்.

📌 காம்பு மட்டும் வாய்க்குள் போனால் வலிக்கும், வெடிக்கும். சுற்றியுள்ள கருவளையமும் உள்ளே போகணும்.

📌 ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுங்க. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். டின் பால் புகுந்தால் குடிப்பது குறையும், ஊறுவதும் குறையும்.

📌 அழுகையை வைத்து முடிவு செய்யாதீங்க. ஐந்தாம் நாளுக்கு மேல் தினம் ஆறு முறையாவது சிறுநீர் போகுதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புதா, இதைப் பாருங்க.

📌 பால் கட்டிக்கிச்சா? நிறுத்த வேண்டாம், தொடர்ந்து கொடுங்க. காய்ச்சலும் மார்பில் சிவப்பும் இருந்தால் மருத்துவரிடம் வாங்க.

📌 குழந்தை சோர்ந்து குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனை.

சிலருக்கு உண்மையிலேயே பால் குறைவாக இருக்கும். மருத்துவர் பரிசோதித்துப் புட்டிப்பால் எழுதினால், குற்ற உணர்ச்சி இல்லாமல் கொடுங்க. அதனால் நீங்கள் குறைந்த தாய் ஆகிவிட மாட்டீர்கள்.

கடைசியாக வீட்டில் இருப்பவர்களுக்கு.

பச்ச உடம்புக்காரியிடம் "பால் பத்துதா?"ன்னு கேட்காதீங்க. "சாப்பிட்டியாம்மா? புள்ளைய நான் வெச்சுக்கறேன், நீ கொஞ்சம் தூங்கு"ன்னு சொல்லிப் பாருங்க.

அன்றிரவு அந்த அக்கா என்னிடம் சொன்னதும் அதே தான்.