வடக்குப் பார்த்த வீடு

அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் 1692-இல் நடந்த சூனியக்காரி வழக்குகளைப் பற்றிய நாவல் ஒன்றைப் போன மாதம் படித்தேன். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு கிழவரைக் கல் ஏற்றி நசுக்கியே கொன்றார்கள். பக்கம் புரட்டப் புரட்ட, தொண்டியில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பெரியம்மாதான் கண்ணுக்குள் வந்து நின்றார்.

சொந்தப் பெரியம்மா இல்லை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர். கருவாட்டுக் கூடையைச் சுமந்து திருவாடானைப் பக்கம் போய் விற்றுவருவார். யார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார மாட்டார். வாயைத் திறந்தால் நறுக்கென்று ஒரு சொல் விழும். ஊருக்கு அது போதாதா?

ஒரு வருஷம் பக்கத்து வீட்டுப் படகுச் சம்மாட்டிக்குக் கடலில் பாடே இல்லை. கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். அவர் உடுக்கையை அடித்துப் பெயர் சொல்லாமல் குறி சொன்னார்: "வடக்குப் பார்த்த வீடு, தனிக்கட்டை." தெருவில் அப்படி இருந்தது ஒரே வீடு. சம்மாட்டி வீட்டு நிலைப்படி ஓரம் தோண்டி ஒரு செப்புத் தகட்டையும் எடுத்துக் காட்டினார். தகடு பளபளவென்றிருந்தது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் அம்மாவின் செப்புக்குடம் புளி போட்டுத் தேய்த்த சில நாளிலேயே கறுத்துவிடும். மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த தகடு எப்படி மினுங்கியது என்று யாரும் கேட்கவில்லை. பத்து வயதுப் பையனான எனக்கு அது தோன்றியது. பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து குழாயடியில் பெரியம்மா குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்துகொள்ளும்.

பாடு குறைந்த காரணம் கடலிலேயே இருந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்றது 1983-ஆம் வருஷத்துச் சட்டம். ஆனாலும் அவை வந்தன, குஞ்சும் குளுவானுமாக மடியில் அள்ளிப் போயின. விசைப்படகுக்காரரோடு மோதச் சம்மாட்டிக்குத் தெம்பில்லை. கருவாட்டுக்காரியிடம் அந்தத் தொல்லை இல்லை.

சம்மாட்டி வீட்டு மருமகள் பிள்ளை பெற்ற பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டாள். அதுவும் பெரியம்மா கணக்கில்தான் எழுதப்பட்டது. அவளை மனம் தெளிய ஏர்வாடிக்குக் கொண்டுபோய்ச் சில மாதம் வைத்திருந்தார்கள். திரும்பியபோது கணுக்காலில் சங்கிலித் தழும்பு. நல்லவேளை, தீப்பிடிப்பதற்குப் பல வருஷம் முந்தி அது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் உச்சநீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, அரசு அந்தக் காப்பகங்களை மூடியது.

பெரியம்மா மேல் விழுந்த பழி வேறு ஊர்களிலும் விழுந்தது. இன்றைய ஜார்க்கண்டில் 1995-இல் சூனியக்காரி என்று ஊரே சேர்ந்து விரட்டிய சுட்னி மஹாதோ, பின்னாளில் தன்னைப்போல் பழி சுமந்த பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்வதையே குற்றமாக்கி பீகார் 1999-இலும் ஜார்க்கண்ட் 2001-இலும் சட்டம் போட்டன. நம் பக்கம் அப்படித் தனிச்சட்டம் இல்லை. இங்கே யாரும் அடித்துக் கொல்வதில்லையே என்பார்கள். குடத்தை நகர்த்துவதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

பெரியம்மா இறந்த அன்று பாடை தூக்க நாலு பேர் சேரச் சாயங்காலமாகிவிட்டது. அந்த நாலு பேரில் சம்மாட்டி இல்லை. மருமகள் மட்டும் வாசல்வரை வந்து நின்றாள்.