காலாவதியான அட்டையும் காலாவதியாகாத கடனும்

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் எங்கள் இல்லத்திற்குத் தடித்த உறை ஒன்று வந்து சேர்ந்தது. கையெழுத்திட்டு அதனை வாங்கியவர் இல்லத்தலைவி. உள்ளே கருநிறத்தில் பளபளக்கும் புதிய கடன் அட்டை ஒன்று இருந்தது. பழைய அட்டை அம்மாத இறுதியுடன் காலாவதியாகிறதென்றும், அதற்கு ஈடாக உயர்தர அட்டை வழங்கப்படுகிறதென்றும், செலவு வரம்பு இருமடங்காகியுள்ளதென்றும் உடனிருந்த கடிதம் கூறிற்று. ஆண்டுக் கட்டணம் ரூ. 2,500 என்பது அடியில் சிற்றெழுத்தில் இருந்தது. இவ்வுயர்வை நாங்கள் கேட்கவுமில்லை. வங்கி எங்கள் இசைவைப் பெறவுமில்லை.

"பழைய அட்டையில் பாக்கி ஏதேனும் இருக்கிறதா, சொல்லுங்கள்" என்று அன்று மாலை இல்லத்தலைவி கேட்டார். எளிய வினாதான், ஆனால் விடை வரச் சற்று நேரமாயிற்று. பாக்கி இருந்தது. ரூ. 40,000.

ஈராண்டுகளுக்கு முன் எங்கள் தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, மருத்துவமனைச் செலவில் ஒரு பகுதியை அட்டையின் வாயிலாகச் செலுத்தினோம். அக்கடன் தீர்ந்துவிட்டதென்றே இல்லத்தலைவி நம்பியிருந்தார். மாதந்தோறும் வங்கி குறிப்பிடும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் இல்லத்தலைவர் கட்டி வந்தார். வீட்டில் கவலை வேண்டாமே என்று மறைத்தார். நோக்கம் நல்லதே. ஆயினும், ஒரே இல்லத்தில் இருவேறு கணக்குகள் நடந்தன என்பதை எண்ணி அன்றிரவு இருவருமே வருந்தினோம்.

மறுநாள் கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். மாத வட்டி 3.5 விழுக்காடு, ஆக ரூ. 1,400. அவ்வட்டியின்மீது 18 விழுக்காடு வரி ரூ. 252. நாங்கள் கட்டியது ரூ. 2,000. அசலில் குறைந்தது வெறும் ரூ. 348! ஈராண்டாகக் கட்டியும் கடன் ஏன் கரையவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அட்டைகள் இரண்டையும் கத்தரித்து எறிந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று முதலில் கருதினோம். எங்கள் பங்கைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் அந்த மயக்கத்தைத் தெளிவித்தார். அட்டையில் பொறித்த மாதத்தின் கடைசி நாளோடு காலாவதியாவது அந்த நெகிழித் துண்டு மட்டுமே. கணக்கும் கடனும் வட்டியும் தொடர்ந்து நிற்கும் என்றார். ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதிகளையும் எடுத்துரைத்தார். வாடிக்கையாளரின் இசைவின்றி அட்டையை உயர்த்தக்கூடாது. வந்த அட்டையை 30 நாள்களுக்கு மேல் இயக்காதிருந்தால், வங்கி ஒருமுறைக் கடவுச்சொல் வழியாக இசைவு கேட்க வேண்டும். இசைவு கிட்டாவிடில் கட்டணமின்றி 7 வேலை நாள்களுக்குள் கணக்கை மூட வேண்டும். ஆனால் அது புதுப்பித்தோ மாற்றியோ தந்த அட்டையாயின், பழைய பாக்கி முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும். எனவே முதலில் கடனைத் தீருங்கள், பிறகு அட்டையை வெட்டுங்கள் என்றார்.

மகளின் காதணிக்கென இல்லத்தலைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த ரூ. 25,000 இருந்தது. அவரே அதனை எடுத்து மேசைமீது வைத்தார். எஞ்சியதை அலுவலகக் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் குறைந்த வட்டிக்குப் பெற்றோம். அட்டையிலிருந்து தானாகக் கழிந்துவந்த தொலைபேசிக் கட்டணத்தை வங்கிக் கணக்கிற்கு மாற்றினோம். பாக்கி சுழி என்றானபின், கணக்கை மூடுமாறு எழுத்தில் விண்ணப்பித்தோம். ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாகத் தொலைபேசியில் ஆசை காட்டினர். நன்றி கூறி மறுத்தோம். பாக்கியில்லாத கணக்கை 7 வேலை நாள்களுக்குள் மூடத் தவறினால், மூடும்வரை நாளொன்றுக்கு ரூ. 500 வங்கியே நமக்குத் தரவேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. ஆறாம் நாளே கணக்கு மூடப்பட்ட செய்தி வந்தது. அதனை அச்சிட்டுக் குடும்பக் கோப்பில் சேர்த்தோம்.

அட்டையே தீது என்று நாங்கள் சொல்லவரவில்லை. வெளியூரில் பணிபுரியும் எங்கள் மகனிடமும் ஒன்றுண்டு. அதற்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. கெடு நாளுக்குமுன் முழுத்தொகையையும் அவன் செலுத்திவிடுகிறான். காலாவதியாகும்போது அவன் அதைப் புதுப்பித்துக்கொள்வதில் தவறில்லை. எங்கள் வருவாய்க்கும் வழக்கத்திற்கும் அது ஒத்துவரவில்லை, அவ்வளவே.

மகளின் காதணிக்கு மறுபடியும் சீட்டுச் சேர்ந்திருக்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை இருவரும் கணக்கேட்டுடன் அமர்கிறோம். உங்கள் இல்லத்திலும் கடன் அட்டை இருக்குமாயின், அதில் பொறித்துள்ள மாதத்தையும் ஆண்டையும் இன்றே பாருங்கள். அந்நாள் வருமுன், கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து, பாக்கி எவ்வளவு என்ற அந்த எளிய வினாவை ஒருவரையொருவர் கேட்டுவிடுங்கள்.