அவை அறிந்து தம்மை உரைத்தல்

நேர்காணலில் "உம்மைப் பற்றிக் கூறுக" என்றதும், நம் மாணவர் பலர் பெயர், ஊர், மதிப்பெண் என ஒப்புவிக்கின்றனர். அவையெல்லாம் விண்ணப்பத்திலேயே உள்ளன. இப்பணிக்கு இவர் எவ்வாறு பொருந்துவார் என்பதையே கேட்போர் அறிய விழைகின்றனர்.

திருக்குறளில் 'அவை அறிதல்' 72ஆம் அதிகாரம். 'அவை அஞ்சாமை' 73ஆம் அதிகாரம். எதிரிலிருப்போரின் தேவையை அறிந்தால் அச்சம் தானே அகலும் என்பதற்கு இவ்வரிசையையே நாம் வகுப்பில் சான்று காட்டுவதுண்டு.

வங்கிப் பணி நேர்காணலுக்கு எம்மிடம் பயிற்சி பெற்ற மாணவர் ஒருவர், தந்தையாரின் மளிகைக் கடையில் நான்காண்டுகள் பற்றுவரவு எழுதியவர். அதனைச் சொல்ல நாணினார். வங்கி வேண்டுவது அதுவன்றோ என்றோம். மறுநாட் பயிற்சியில் அதிலிருந்தே தொடங்கினார், குரல் நடுங்கவில்லை.

மாணவச் செல்வங்களே, உழைத்துக் கற்றதைச் சொல்ல நாணாதீர்கள். அதனையே முதலிற் கூறுங்கள்.