மொம்பாசாவில் மூன்று மணி

முதுகில் ஒரு பையும், சட்டைப்பையில் ஒரு சிறிய ஸ்வாஹிலிச் சொற்புத்தகமுமாக நைரோபியில் ரயிலேறி, சாவோ வனப் பிரதேசத்தின் செம்மண்ணை ஜன்னல் வழியே பார்த்தபடி வந்த நான், மொம்பாசாத் தீவுக்குள் காலெடுத்து வைத்தபோது மாலை மயங்கிக்கொண்டிருந்தது. 1331-இல் பயணி இபின் பதூதா வந்திறங்கி, வாழைப்பழத்தையும் மீனையும் உணவாகக் கொண்ட ஜனங்களையும், மரத்தால் செவ்வையாகக் கட்டிய மசூதிகளையும் கண்டு எழுதிவைத்த புராதன நகரம் இது.

பழைய நகரத்தில் ஒரு சிறு விடுதியில் இடம் பிடித்தேன். பவழப்பாறைக் கல்லால் எழுப்பி, அலையாத்திக் காட்டு மரக் கழிகளை உத்தரமாகப் போட்ட வீடுகள், எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள், பூவேலை செதுக்கிய கதவுகள் ஆகியவற்றினூடே நடந்த எனக்கு, வாசல்தோறும் சுவரை ஒட்டிக் கட்டியிருந்த கல்மேடையைக் கண்டதும் மனம் நெகிழ்ந்தது. ‘பராசா’ என்று அவ்வூரார் வழங்கும் அந்த மேடை நம்முடைய திண்ணையேதான். மாலையில் முதியோர் அதில் அமர்ந்து ஊர் விவகாரம் பேசுகிறார்கள். கடந்து போகும் இளையவர்கள் ‘ஷிகமோ’ என்கிறார்கள். ‘உங்கள் பாதங்களைப் பற்றுகிறேன்’ என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ‘மரஹபா’ என்று முதியவர் ஏற்றுக்கொள்ளும் வரையில் அந்த வந்தனம் பூர்த்தியாவதில்லை.

அத்தகைய ஒரு திண்ணையில், மறுநாள் மாலை, எனக்கும் இடம் கொடுத்தார்கள். காப்பி விற்பவர் வந்தார். ஒரு கையில், அடியில் கரிநெருப்புக் கனலும் கூம்பு வடிவான பித்தளைப் பாத்திரம். மற்றொரு கையில், கைப்பிடியில்லாத சின்னஞ்சிறு பீங்கான் கிண்ணங்கள். அவற்றை ஒன்றோடொன்று தட்டி எழுப்பும் ஓசையே அவருடைய கூவல். பாலும் சர்க்கரையும் சேராத ‘கஹவா சுங்கு’, அதாவது கசப்புக் காப்பி, இஞ்சி மணத்தோடு தொண்டையில் இறங்கியது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், மறுநாள் கோட்டையைக் காட்டுவதாகவும், ‘ஸா தாத்து’வுக்கு அதே திண்ணைக்கு வந்துவிட வேண்டும் என்றும் அன்போடு சொன்னார். தாத்து என்றால் மூன்று என்றது என் புத்தகம்.

அடுத்த நாள் பிற்பகல் மூன்று மணி வெயிலில் நான் போய் நின்றபோது திண்ணை வெறிச்சோடிக் கிடந்தது. பெரியவர் காலையிலிருந்து உச்சிப்பொழுது வரையில் காத்திருந்துவிட்டுத் தொழுகைக்குப் போனார் என்று அண்டை வீட்டார் சொல்லக் கேட்டு மிகவும் வருந்தினேன். மாலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரோ சிறிதும் கோபிக்காமல், “நாளைக் காலையில் வா, தம்பி” என்றார். மறுநாள் காலை நான் சென்றதும் தம் கைக்கடிகாரத்தை நீட்டிக் காட்டினார். சின்ன முள் ஒன்பதில் நின்றது. அவருடைய விரல் அதற்கு நேர் எதிரே இருந்த மூன்றைத் தொட்டது.

ஸ்வாஹிலிக் கணக்கில், சூரியன் உதித்து ஒரு மணி நேரம் கழிந்தால் ஒன்று, உச்சிப்பொழுது ஆறு, அஸ்தமனம் பன்னிரண்டு. பூமத்திய ரேகைக்கு 4 பாகை தெற்கே அமைந்த ஊராகையால், வருஷம் முழுவதும் உதயமும் அஸ்தமனமும் ஏறக்குறைய ஒரே வேளையில் நிகழ, இந்தக் கணக்குப் பிசகுவதில்லை. உதயாதி நாழிகை என்று சூரியோதயத்திலிருந்தே பொழுதை எண்ணிய நம் முன்னோருக்கு இதில் விசித்திரம் ஏதும் தோன்றியிராது.

போர்த்துகீசியர் 1593-இல் கட்டத் தொடங்கிய ஜீஸஸ் கோட்டைக்கு அவரோடு சென்றேன். 1696 மார்ச்சில் ஓமானியர் முற்றுகையிட, உள்ளே இருந்தவர்கள் நோயால் ஒருவர் பின் ஒருவராக மாண்டும், 1698 டிசம்பர் வரையில் பணியாத மதில் அது. அதன்மேல் நின்று அவர் எனக்குக் காட்டியது பீரங்கியை அன்று, காற்றை. வடகிழக்கிலிருந்து வரும் ‘கஸ்காஸி’ அரேபியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பாய்மரக் கப்பல்களை அந்நாளில் கொண்டுவந்து சேர்த்தது. ஏப்ரலுக்குப் பின் தெற்கிலிருந்து எழும் ‘கூஸி’ அவற்றைத் திருப்பி அனுப்பியது. வாஸ்கோ ட காமாவும் 1498 ஏப்ரலில் இங்கே இணக்கம் காணாமல் மலிந்திக்குச் சென்று, அங்கே வழிகாட்டும் மாலுமி ஒருவனைப் பெற்று, அந்தப் பருவத்தின் காற்றிலேதான் மே மாதம் கோழிக்கோட்டை அடைந்தான். மணியைச் சூரியனிடமும் மாதத்தைக் காற்றிடமும் கேட்டு வாழ்ந்த ஊர் இது என்பதை அந்த மதில்மேல்தான் உணர்ந்தேன்.

புறப்படும் நாளன்று விடியற்காலையில் விடைபெறச் சென்று, ‘ஷிகமோ’ என்று வணங்கினேன். ‘மரஹபா’ என்றவர், மலிந்திக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று வினவினார். “ஸா ம்பிலி,” இரண்டு மணிக்கு, என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சந்தின் முனையில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்த இளவெயிலைப் பார்த்துவிட்டு, காப்பிக்காரரை அழைத்து, எனக்கு இன்னும் ஒரு கிண்ணம் ஊற்றச் சொன்னார்.