கொலையாளி வராத க்ளைமாக்ஸ்

துப்பறியும் கதை என்றால் கடைசிப் பக்கத்துக்குள் கொலையாளி மாட்டியே ஆக வேண்டும். பஸ் ஸ்டாண்டு கடையில் மாத நாவல் வாங்கிப் படித்து வளர்ந்த எனக்கு, அது கதை எழுதுபவர் நமக்குத் தரும் வாக்கு. அந்த வாக்கை வேண்டுமென்றே மீறிய ஒரு படம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. 2001-ல் ஷான் பென் இயக்கத்தில் வந்த ‘தி பிளெட்ஜ்’. முடிவையும் சொல்லப் போகிறேன். படம் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலம். துப்பறியும் அதிகாரி ஜெர்ரிக்கு (ஜாக் நிக்கல்சன்) பணி ஓய்வு நாள். பிரிவு உபசார விருந்து நடக்கும்போதே ஒரு சிறுமி கொலையான தகவல் வருகிறது. வீட்டுக்குப் போக வேண்டியவர், சம்பவ இடத்துக்குப் போகிறார். பெற்றோரிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பும் அவர் தலையில் விழுகிறது. கொலையாளியைக் கண்டுபிடிப்பதாக அந்தத் தாய் அவரிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறாள்.

போலீஸ் ஒருவரைப் பிடிக்கிறது. மனவளர்ச்சி குன்றிய அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, துப்பாக்கியைப் பறித்துத் தன்னையே சுட்டுக்கொள்கிறார். வழக்கு முடிந்தது என்கிறார்கள். ஜெர்ரிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. இறந்த சிறுமி வரைந்த ஓவியத்தில் உயரமான ஒரு மனிதன், கறுப்புக் கார், சின்னச் சின்ன முள்ளம்பன்றிகள். அதைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கார் என்றாவது வரும் என்று நெடுஞ்சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க்கை விலைக்கு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்.

அங்கே ஒரு பெண்ணும் அவளுடைய சிறு மகளும் அவரோடு வந்து தங்குகிறார்கள். குடும்பம் மாதிரியே ஆகிறார்கள். சாலை ஓரத்தில் குழந்தைக்கு ஊஞ்சல் கட்டித் தருகிறார். பாசமா, தூண்டிலா? இரண்டும்தான். ஒருநாள் யாரோ ஒருவர் முள்ளம்பன்றி சாக்லேட் தந்ததாகக் குழந்தை சொல்ல, போலீஸ் மறைந்து காத்திருக்கிறது. அவன் வரவில்லை. வழியிலேயே விபத்தில் கார் எரிந்து சாகிறான். அது நமக்குத் தெரியும், ஜெர்ரிக்குத் தெரியாது. போலீஸ்காரர்கள் அவரைக் கிறுக்கன் என்று விட்டுப் போகிறார்கள். தன் மகளைப் பொறியில் வைத்தது தெரிந்து அந்தத் தாய் கொதித்துப்போகிறாள். பாழடைந்த பங்க் வாசலில், தனக்குத்தானே முணுமுணுத்தபடி உட்கார்ந்திருக்கிறார் ஜெர்ரி.

இதன் மூலம் சுவிஸ் எழுத்தாளர் ஃப்ரீட்ரிக் டூரன்மாட் 1958-ல் எழுதிய ‘வாக்குறுதி’ நாவல். அதே கதைக்கு அவர் முதலில் எழுதிய திரைக்கதையில், அதே வருடம் வந்த படத்தில், அதிகாரி ஜெயிப்பார். அந்த முடிவில் திருப்தி இல்லாமல்தான் நாவலில் மாற்றினார். வாழ்க்கையில் தற்செயலுக்கு இருக்கும் இடத்தைத் துப்பறியும் கதைகள் மறைக்கின்றன என்பது அவர் வாதம்.

எட்டு வயதுப் பேத்தியோடு ஒரே வீட்டில் இருக்கிறவன் நான். அந்தத் தாயின் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம் என்பேன். ஒரு குழந்தைக்குக் கொடுத்த வாக்குக்காக இன்னொரு குழந்தையைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தச் சிறுமி பிழைத்தது ஜெர்ரியின் சாமர்த்தியத்தால் அல்ல, ஒரு விபத்தால்.

ஆனாலும் நானும் ரிட்டயர் ஆனவன். மாலை போட்டு வழியனுப்பிய மறுநாள் காலையிலும் மனசு பழைய மேஜைக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அந்த மனிதரை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. அவர் கணக்கு சரி, அதற்குக் கொடுத்த விலைதான் தப்பு. இரண்டையும் அவரிடம் எடுத்துச் சொல்ல, பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லை என்பதுதான் படத்திலேயே பெரிய தண்டனை.