கோவையிலிருந்து ஒரே நாளில் டாப்ஸ்லிப்

கோயம்புத்தூர் வீடுகளில் லீவு நாள் நெருங்கும்போது நடக்கும் விவாதம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஊட்டி என்றால் மலையேறவே பாதி நாள் போய்விடும். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பின் சீட்டில் உட்காரும் அம்மிச்சிக்குத் தலை சுற்றும். கடைசியில் யாராவது ஒருவர், “டாப்ஸ்லிப் போயிட்டு வந்துடலாமே?” என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அதற்குப் பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கும். காலையில் டாப்ஸ்லிப், மத்தியானம் பரம்பிக்குளம், வரும் வழியில் ஆழியாறு அணை, குரங்கு அருவியில் ஒரு குளியல், நேரம் இருந்தால் மாசாணியம்மன் தரிசனம் என்று பட்டியல் நீளும். செல்போன் வரைபடத்தில் எல்லாமே பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் ஆழியாறும் குரங்கு அருவியும் வால்பாறை சாலையில் இருக்கின்றன. டாப்ஸ்லிப் போகும் சாலை வேறு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் காரைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

கோவையிலிருந்து டாப்ஸ்லிப் சுமார் 80 கிலோமீட்டர். கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி. அங்கிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை. சேத்துமடையில் வனத்துறை சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் காட்டுப்பாதை. பொள்ளாச்சி வரை அகலமான சாலை என்பதால் வேகமாகப் போகலாம். அங்கே தப்பித்த நேரத்தைச் சேத்துமடைக்கு மேலே காடு திரும்ப வாங்கிக்கொள்ளும். குறுகலான சாலை, வளைவுகள், எந்த வளைவிலும் எந்த விலங்கும் நிற்கலாம். இங்கே இருபது கிலோமீட்டர் வேகமே அதிகம்.

ஆகவே நாளைத் திட்டமிடுகிறவர்கள் கடைசியிலிருந்து ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். இருட்டியபின் காட்டுச் சாலையில் வண்டிகளுக்கு வேலையில்லை. மாலையில் சாவடி மூடப்பட்டுவிடும். அதற்குள் கீழே இறங்கியாக வேண்டும் என்றால், டாப்ஸ்லிப்பில் இருந்து நான்கு மணிக்காவது கிளம்ப வேண்டும். அப்படியானால் காலை எட்டு மணிக்குள் மேலே இருந்தால்தான் ஒரு முழுப்பகல் கையில் கிடைக்கும். கோவையில் ஐந்தரைக்கு வண்டி எடுத்து, பொள்ளாச்சியில் இட்லி சாப்பிட்டு, சேத்துமடைக்கு ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தால் கணக்கு சரியாக வரும். அமாவாசை, வெள்ளிக்கிழமைகளில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். அந்த நாட்களில் ஊரைக் கடக்கவே தனியாக அரை மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

சொந்த வண்டி இல்லாதவர்களுக்குப் பொள்ளாச்சியிலிருந்து அரசுப் பேருந்து உண்டு. நாளுக்கு இரண்டு மூன்று நடைதான். திரும்பும் நேரத்தை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது முக்கியம். பைக்கில் போக நினைப்பவர்கள் அனுமதி உண்டா என்பதை முதல் நாளே வனத்துறையிடம் கேட்டுவிட வேண்டும். கோடையில் காட்டுத்தீ அபாயம் கூடும்போதும், கனமழையிலும், விலங்குக் கணக்கெடுப்பு நாட்களிலும் சுற்றுலாவை நிறுத்திவைப்பதுண்டு. சாவடி வரை போய்த் திரும்பும் குடும்பங்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு போன் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பது தெரியும்.

தேசியப் பூங்கா என்ற பெயரும் சிலரை ஏமாற்றிவிடுகிறது. பூங்கா என்றதும் குழந்தைகள் ஊஞ்சலையும் சறுக்கு மரத்தையும் எதிர்பார்க்கிறார்கள். 1976-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. அதன் உள்ளே கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு ஆகிய பகுதிகள் 1989-ல் இந்திரா காந்தி தேசியப் பூங்கா ஆயின. இப்போது முழுவதும் ஆனைமலை புலிகள் காப்பகம். இதில் ஒரு நாள் பயணிகள் எட்டிப் பார்ப்பது ஓர் ஓரத்தைத்தான். டாப்ஸ்லிப்பை ஒட்டியிருக்கும் கரியன் சோலை மட்டும் கொஞ்சம் அருகில் தெரியும். வெயில் தரைக்கு இறங்காத அடர்ந்த சோலை அது.

புலி வருமா என்று எல்லாக் குழந்தைகளும் கேட்கும். வராது என்றே சொல்லி அழைத்துப் போவது நல்லது. இங்கே புலி உண்டு. ஆனால் பகல் பத்து மணிக்கு வேன் சத்தம் கேட்டு வந்து நிற்கும் புலி எந்தக் காட்டிலும் இல்லை. வனத்துறையின் வேனில் ஒரு சுற்று போனால் புள்ளிமான் கூட்டம், காட்டுப்பன்றி, மயில், அதிர்ஷ்டம் இருந்தால் காட்டெருமை கண்ணில் படும். மேலே பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைப்பது இன்னும் அதிகம். ஆள் நீளத்துக்கு வாலைத் தொங்கவிட்டதுபோல் தோன்றும் மலை அணில் கிளைவிட்டுக் கிளை தாவும். கருமந்திகள் உச்சாணிக் கிளையில் உட்கார்ந்து குரல் கொடுக்கும். இருவாச்சி பறந்தால், பார்ப்பதற்கு முன்னால் அதன் இறக்கைச் சத்தம்தான் காதில் விழும்.

ஆனால் கோவைக்காரர்கள் இங்கே போக வேறொரு காரணமும் இருக்கிறது. அது கோழிகமுத்தி யானைகள் முகாம்.

டாப்ஸ்லிப்பிலிருந்து வனத்துறை வண்டியில் அழைத்துப் போகும் இடம் அது. இருபதுக்கும் மேற்பட்ட வளர்ப்பு யானைகள் இருக்கின்றன. பாகன்களும் காவடிகளும் பெரும்பாலும் இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த மலசர் சமூகத்தவர்கள். யானைக்கு ராகி, கொள்ளு, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து ஊட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால், யானை எவ்வளவு நிதானமாக வாய் திறக்கிறது என்பதைக் குழந்தைகள் நாள் முழுக்கப் பேசுவார்கள். தமிழகத்தின் புகழ்பெற்ற கும்கியான கலீம் இந்த முகாமின் யானைதான். 99 மீட்புப் பணிகளில் பங்கெடுத்த கலீம், 2023 மார்ச்சில் தன் அறுபதாவது வயதில் பணி ஓய்வு பெற்றது. வனத்துறையினர் வரிசையில் நின்று மரியாதை செய்து அனுப்பிவைத்தார்கள்.

கலீமைவிடக் கோவைக்கு நெருக்கமான ஒரு யானையும் இங்கே உண்டு: சின்னத்தம்பி.

கோவை நகரத்தின் மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது தடாகம் பள்ளத்தாக்கு. செங்கல் சூளைகளும் வீட்டுமனைகளும் தோட்டங்களும் பெருகிய அந்த வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருந்த காட்டு யானை சின்னத்தம்பி. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. பயிர்ச் சேதம் தாங்கவில்லை என்று விவசாயிகள் முறையிட, 2019 ஜனவரியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, டாப்ஸ்லிப் அருகே வரகளியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று குடும்பங்கள் காரில் போகும் இதே பொள்ளாச்சி மார்க்கத்துக் காட்டுக்குத்தான்.

ஒரு வாரம்கூட அது அங்கே இருக்கவில்லை. மாத முடிவுக்குள் காட்டைவிட்டு இறங்கி, பொள்ளாச்சி அருகே அங்கலகுறிச்சியில் வந்து நின்றது. அங்கிருந்து கிழக்கே நடந்து உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் பக்கம் கரும்புக் காடுகளில் முகாமிட்டது. அதைக் கும்கியாக மாற்றக் கூடாது, காட்டிலேயே விட வேண்டும் என்று ஒரு தரப்பு. எங்கள் பயிருக்கு யார் பொறுப்பு என்று இன்னொரு தரப்பு. தொலைக்காட்சிகள் நாள் முழுக்க நேரலை காட்டின. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், பிப்ரவரி நடுவில் அதை மறுபடியும் பிடித்தார்கள். வரகளியாற்றில் மரக்கூண்டில் அடைத்துப் பழக்கினார்கள். இப்போது சின்னத்தம்பி முகாமின் கும்கி. வேறு ஊர்களில் வழி தவறிய யானைகளைப் பிடிக்க அதையே லாரியில் ஏற்றிப் போயிருக்கிறார்கள்.

இது சின்னத்தம்பியோடு முடிந்த கதையும் இல்லை. 2023 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டத்தில் பிடித்த மக்னா யானை ஒன்றை, அதாவது தந்தம் இல்லாத ஆண் யானையை, இதே வரகளியாறு காட்டில் விட்டார்கள். சில நாட்களில் அது சேத்துமடை வழியாக இறங்கி, பொள்ளாச்சியைக் கடந்து, கோவை நகரத்தின் விளிம்பு வரை நடந்தே வந்துவிட்டது. பேரூர் அருகே அதைப் பிடித்து மறுபடியும் மலைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. காரில் இரண்டரை மணி நேரம் என்று குடும்பங்கள் கணக்குப் போடும் தூரத்தை யானையும் கிட்டத்தட்ட அதே வழியில் அளந்திருக்கிறது. முகாமில் சின்னத்தம்பியைக் கண்டதும் செல்பிக்கு முண்டியடிப்பவர்கள், கூட வரும் பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து இங்கே வந்தது என்பதையும் சொல்லலாம். ‘நம்ம ஊர் யானை’ என்று பிள்ளைகள் சொல்வதில் தவறே இல்லை.

முகாமிலிருந்து திரும்பியதும் மரங்களைப் பார்க்கலாம். டாப்ஸ்லிப் என்ற பெயரே மரத்தால் வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கட்டவும் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடவும் ஆனைமலைத் தேக்கு வேண்டியிருந்தது. யானைகள் இழுத்து வந்த மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிடுவார்கள். அவை வழுக்கிக்கொண்டு அடிவாரம் போய்ச் சேரும். வெட்டினார்கள், வெட்டினார்கள், மலை மொட்டையாகும் வரை வெட்டினார்கள்.

அதன்பின் வந்தவர் ஹியூகோ வுட் என்ற ஆங்கிலேய வன அதிகாரி. மரத்தை வேரோடு பெயர்க்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் அது மறுபடி துளிர்க்கும் என்பதை முறையாகச் செய்து காட்டியவர். காலையில் நடக்கப் போகும்போது கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, கோட்டுப் பையிலிருந்து தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்று இந்த மலையில் இன்றும் சொல்கிறார்கள். 1933-ல் இறந்த அவர், தாம் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே புதைக்கப்பட்டார். தம் நினைவுச் சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பார்க்கட்டும் என்ற பொருளில் லத்தீன் வாசகம் அந்தக் கல்லறையில் இருக்கிறது. வழிகாட்டியோடு அங்கே நடந்து போக அனுமதி கிடைத்தால் விடக்கூடாது. ஆனால் ஒன்று: வுட் வளர்த்தது பெரும்பாலும் தேக்குத் தோட்டம், காடு வேறு. தேக்கு வரிசையையும் கரியன் சோலையையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பாடம் நடத்தாமலே புரியும்.

பரம்பிக்குளத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வது மேல். அது கேரளத்தின் காடு, ஆனால் சாலை தமிழ்நாட்டின் டாப்ஸ்லிப் வழியாகத்தான் போகிறது. கேரள வனத்துறையின் தனிச் சாவடி, தனிக் கட்டணம், தனி வண்டி. சுமார் 450 வயது சொல்லப்படும் கன்னிமாரா தேக்கும் அணைகளும் அங்கே இருக்கின்றன. அந்த அணைகளின் தண்ணீர்தான் சுரங்கப் பாதைகள் வழியாக இறங்கி, பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களுக்குப் பாய்கிறது. வரும் வழியில் கார் ஜன்னலில் ஓடிய தென்னந்தோப்புகள் பல அதைக் குடித்து வளர்ந்தவை. ஓர் இரவு தங்கி நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். மத்தியானம் இரண்டு மணிக்கு ஓடிப்போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டிய இடம் இல்லை.

எந்த மாதம் போகலாம்? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காடு பச்சைப் பசேல் என்றிருக்கும், அட்டையும் கூடவே இருக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வசதியான காலம். பிப்ரவரியில் தேக்கு இலை உதிர்த்திருக்கும்; பார்க்க வறண்டு தெரிந்தாலும் விலங்குகள் கண்ணில் படுவது சுலபம்.

எடுத்துப்போக வேண்டியது குறைவு. ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர், பருத்தித் தொப்பி, கொஞ்சம் ரொக்கம், மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த நாளுக்கான மாத்திரை. மேலே மருந்துக்கடை இல்லை, செல்போன் சிக்னலையும் நம்ப முடியாது. பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பைகளுக்கு அனுமதி கிடையாது. டாப்ஸ்லிப்பில் எளிமையான சாப்பாடு கிடைக்கும்; வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிப் போகிறவர்கள் மூடியுள்ள பாத்திரத்தில் கட்ட வேண்டும். அங்கே உள்ள குரங்குகளுக்குக் கைப்பையின் ஜிப்பைத் திறக்கத் தெரியும். ஒரு குரங்குக்குப் போடும் பிஸ்கட், அடுத்து வரும் குடும்பத்தின் குழந்தை மீது நகமாக விழும். வழியோரம் வீசும் மது பாட்டில் இதைவிடக் கொடுமை. உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறினால், அந்தப் புண் சீழ் பிடித்து யானையையே சாய்த்துவிடும்.

திரும்பும் வழியில் சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்கக் கூடாது, இறங்கிப் படம் எடுக்கக் கூடாது, நெருங்கவும் கூடாது. தூரத்திலேயே நிறுத்தி, பின்னால் வரும் வண்டிக்கும் நகர இடம் விட்டுக் காத்திருக்க வேண்டும். பத்து நிமிடமும் ஆகலாம், முக்கால் மணி நேரமும் ஆகலாம். நான்கு மணிக்கே கிளம்பச் சொல்வது இந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான்.